ஏழு செக்கன் தாளம்

இசைக்கருவியை இயக்குபவனுக்கு விரல் வேண்டும். பாடுபவனுக்குக் குரல் வேண்டும். இன்னொருவன் என்றோ வாசித்து இசைத்தட்டிலே பதிந்து போன தாளத்தை எடுத்து, துண்டு துண்டாக அறுத்து, வேறொரு தாளமாக அடுக்குபவனுக்கு வேண்டியது யாது? நல்ல பொறி வேண்டும் என்பர் பலர். பிறர் பொருளை எடுக்கக் கூசாத நெஞ்சு வேண்டும் என்று ஏளனமாகச் சொல்வோரும் உளர். இவ்விரு கூற்றிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயின், அத்தொழிலைச் சற்று ஊன்றி நோக்குவோருக்கு அதன் உயிர்நாடி செவியே என்பது விரைவிற் புலனாகும். எங்கே அறுப்பது என்பதைச் செவி தீர்மானிக்கின்றது. எங்கே அறுக்காமல் விடுவது என்பதையும் அதுவே தீர்மானிக்கின்றது.

நம் வாசகர்களுட் பலருக்கு இத்தொழில் அயலானதாக இருக்கலாம். ஆதலின் சில சொற்களை முதலில் விளக்கிக்கொள்வது நன்று. மேனாட்டு வாத்தியக் குழுவிலே முரசுத் தொகுதியின் முன் அமர்ந்திருப்பவர் ஒரே வேளையில் நான்கு அவயவங்களாலும் வாசிப்பவர். காலால் மிதித்து ஒலிக்கச் செய்யும் பெருமுரசு 'கிக்' எனப்படும். அடித்தோலிலே கம்பிச் சுருள்கள் உராயும்படி அமைத்த சிறுமுரசு 'ஸ்னேர்'. வெண்கலத் தட்டுக்கள் 'சிம்பல்'. பாட்டும் ஏனைய கருவிகளும் ஓய்ந்து முரசு மாத்திரம் தனித்தொலிக்கும் சிறு பகுதியை 'பிரேக்' என்பர். அப்பகுதியைத் தொடக்கமும் முடிவும் தெரியாதபடி திரும்பத் திரும்பச் சுழலச் செய்தால் அது 'லூப்'. அந்தச் சுழலைப் பதிந்து, அறுத்து, இறப்பர் விசைகளிலே பகிர்ந்து வைத்து, விரலால் தட்டி வாசிக்க உதவும் மின்கருவியே 'டிரம் மெஷின்'. தாளப்பொறி என்று நாம் அழைக்கலாம்.

பொறி வருவதற்கு முன்பே இந்த ஆசை பிறந்துவிட்டது. 1973ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆந் திகதி, நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கக் கட்டிடத்தில் நிகழ்ந்த ஒரு விருந்திலே, ஜமேக்காவிற் பிறந்த கூல் ஹேர்க் என்பவர் இசைத்தட்டுக்களைச் சுழற்றினார். ஆடுவோர் பாட்டுக்காகக் காத்திருக்கவில்லை, பாட்டு ஓய்ந்து முரசு தனிக்கும் கணத்துக்காகவே காத்திருந்தனர் என்பதைக் கண்டுகொண்டவர் அவர். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரு சுழல்மேடைகளில் வைத்து, ஒன்றிலே பிரேக் முடியும்போது மற்றையதிலே அதனைத் தொடங்கி, சில செக்கன்களை நிமிடக்கணக்காக நீட்டினார். ஹிப்-ஹொப் இசையின் பிறந்த நாளாக அந்நாளையே பலரும் கொண்டாடுகின்றனர்.

கையாற் செய்த இவ்வேலையைப் பொறி ஏற்றுக்கொள்ள ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. ரொஜர் லின் என்னும் அமெரிக்கர் 1980இல் வெளியிட்ட எல்.எம்.-1, உண்மையான முரசொலிகளை எண்முறையிற் பதிந்து வைத்திருந்த முதலாவது தாளப்பொறி. ஆயின் அதனுள்ளே இருந்தவை தொழிற்சாலை வைத்த ஒலிகள். வாங்கியவர் தமக்கு விருப்பமான ஒலியைத் தாமே பதிய முடியாது. 1987இல் ஈ-மியூ நிறுவனத்தின் எஸ்.பி.-1200 வந்தது. அடுத்த ஆண்டு அதே ரொஜர் லின் வடிவமைத்த அகாய் எம்.பி.சி.60 வந்தது. முன்னையது எட்டு விசைகள் கொண்டது, பின்னையது பதினாறு. இவ்விரண்டும் பழைய இசைத்தட்டுக்களின் மேல் திறந்த கதவுகள் எனலாம்.

பொதுவாகப் பேசிக்கொண்டு போவதிலும், ஒரு தாளத்தை எடுத்துக்கொண்டு பார்ப்பது தெளிவைத் தரும். 1969இல் 'த வின்ஸ்டன்ஸ்' என்னும் வாஷிங்டன் நகரத்துக் குழு 'கலர் ஹிம் ஃபாதர்' என்ற பாட்டை வெளியிட்டது. அத்தட்டின் மறுபக்கத்தை நிரப்புவதற்கு ஒரு வாத்திய இசை தேவைப்பட்டது. பழைய தேவாலயக் கீதம் ஒன்றைத் தழுவி 'ஆமென், பிரதர்' என்பதை வாசித்துப் பதிந்தனர். அதன் நடுவிலே ஏனையோர் ஓய, முரசாளர் கிரெகரி கோல்மன் நான்கு ஆவர்த்தம் தனித்து வாசிக்கிறார். ஏறக்குறைய ஏழு செக்கன். அவ்வளவுதான். 1986இல் 'அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்' என்னும் தொகுப்பில் அது மீண்டும் அச்சேறியது. அதன் பின்னர் நியூயோர்க்கிலும் லொஸ் ஏஞ்சலிஸிலும் ஹிப்-ஹொப் இசைஞர்களும், தொண்ணூறுகளில் லண்டனிலே 'ஜங்கிள்' என்னும் வேக இசையை ஆக்கியோரும் அந்த ஏழு செக்கனை அறுத்து அறுத்து ஆயிரக்கணக்கான பதிவுகளை உண்டாக்கினர்.

ஏன் இந்த ஏழு செக்கன்? முதல் இரண்டு ஆவர்த்தங்களிலும் கோல்மன் ஒரே நடையை வாசிக்கிறார். கேட்பவன் மனத்திலே அந்நடை ஊன்றிவிடுகின்றது. மூன்றாவதிலே ஒரு ஸ்னேர் அடியை வரவேண்டிய இடத்திலிருந்து சற்றே தள்ளி வைக்கிறார். நான்காவதிலே முதல் அட்சரத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார். பின்பு சிறிய குறுக்குநடை ஒன்று. அதன் மேல், எதிர்பார்த்த இடத்துக்கு முன்பாகவே வந்து விழும் ஒரு சிம்பல் முழக்கம். ஊன்றிய நடையை இவ்வளவு குறைந்த இடத்திலே கலைத்துக் காட்டுவது எளிய காரியமன்று. அறுப்பவனுக்கு இங்கே ஒரே தாளத்தின் மூன்று முகங்கள் கிடைக்கின்றன. இடையே ஒலிக்கும் மெல்லடிகளையும் மறத்தலாகாது. ஸ்னேரின் வலிய அடிகளுக்கிடையே கோல்கள் தோலை வருடிச் செல்லும் அவ்வொலிகள் தனியே கேட்டால் ஒன்றுமில்லை. நீக்கினாலோ தாளம் நொண்டுகின்றது.

இனி, இதனைப் பொறியில் ஏற்றும் விதத்தைக் காண்போம். எஸ்.பி.-1200இன் நினைவிலே மொத்தம் பத்துச் செக்கன் அளவே இடமுண்டு. ஒரு தனித்துண்டு இரண்டரைச் செக்கனுக்கு மேற்படலாகாது. கோல்மனின் வேகம் நிமிடத்துக்கு 137 அட்சரம் அளவில் இருப்பதால், நான்கு அட்சரம் கொண்ட ஓர் ஆவர்த்தம் 1.75 செக்கன் எடுக்கும். ஓர் ஆவர்த்தம் ஒரு துண்டிலே அடங்கும், இரண்டு அடங்கா. இந்த நெருக்கடிக்கு நியூயோர்க் இளைஞர் ஒரு வழி கண்டனர். நிமிடத்துக்கு 33⅓ தடவை சுழலவேண்டிய தட்டை 45 வேகத்திலே சுழற்றிப் பதிவது. பின் பொறியினுள்ளே சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொணர்வது. இதனால் இரண்டரைச் செக்கன் இடத்திலே ஏறக்குறைய 3.4 செக்கன் இசை அடங்கும். கோல்மனின் இரண்டு ஆவர்த்தங்கள் 3.5 செக்கன். மயிரிழையில் தவறுகின்றது! ஆகவே அறுத்தே தீரவேண்டும். வறுமை கற்பித்த சிக்கனம் கலையாக மாறிய கதை இது. சுருதியை இறக்கும்போது ஒலியிலே ஒரு கரகரப்பு ஏறியது. செக்கனுக்கு 26,040 தடவை மாத்திரம் ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 4,096 படிகளுள் ஒன்றிலே பொருத்தும் பொறி அது. இறுவட்டோ செக்கனுக்கு 44,100 தடவை அளந்து 65,536 படிகளிலே பொருத்துவது. குறைபாடாகிய அக்கரகரப்பையே பின்வந்தோர் விரும்பித் தேடினர். மண்பானையிற் சமைத்த சோற்றின் மணத்தைத் தேடுவது போன்ற விருப்பம் அது.

பதியும்போது ஒலியளவு தாழ்ந்திருந்தால் தட்டின் இரைச்சல் மேலெழும். மிகுந்திருந்தால் முரசின் முகட்டைப் பொறி வெட்டித் தள்ளிவிடும். ஆதலின் மிக வலிய ஸ்னேர் அடியை வைத்தே அளவு பார்க்க வேண்டும். தட்டு இருபக்க ஒலிப்பதிவாயின், முரசு எந்தப் பக்கத்திலே மிகுந்திருக்கின்றதோ அந்தப் பக்கத்தை மாத்திரம் எடுப்பது இன்னொரு தந்திரம். வேண்டாத கருவிகள் ஓரளவு விலகிவிடும். அடுத்தது தலையையும் வாலையும் செப்பனிடுதல். கிக் முரசின் முதல் அதிர்வுக்கு முன்னே ஒரு சிறு வெறுமை எஞ்சியிருந்தாலும் விசையைத் தட்டும்போது ஒலி பிந்தி வரும். மிகுதியாக வெட்டினாலோ அடியின் கூர்மை போய்விடும். ஒலியலை பூச்சியத்தைக் கடக்கும் புள்ளியிலே வெட்டினாற்றான் 'டக்' என்ற வேண்டாத ஓசை எழாது. மில்லிசெக்கன் கணக்கிலே நடக்கும் வேலை இது. பொறுமையில்லாதவர் இவ்விடத்திலேயே தோற்றுவிடுகின்றனர் என்பது என் கருத்து.

இப்பொழுது அறுத்தல். முதலிலே தோன்றும் எளிய வழி, ஓர் ஆவர்த்தத்தைப் பதினாறு சமபங்காக வெட்டுவது. கோல்மனின் வேகத்திலே ஒவ்வொரு பங்கும் 109 மில்லிசெக்கன் அளவாகும். கணக்குச் சரி, இசை பிழை. மனிதன் சமபங்காக வாசிப்பதில்லை. ஓரடி சில மில்லிசெக்கன் முந்தி வந்திருந்தால் அதன் கூர்முனை முந்திய துண்டின் வாலிலே ஒட்டிக்கொள்கின்றது. தன் துண்டிலே மழுங்கிய உடல் மாத்திரம் எஞ்சுகின்றது. செய்யுளைச் சீர்பிரிக்கும் மாணவன் இந்த இக்கட்டை அறிவான். சொல்லின் எல்லையும் சீரின் எல்லையும் எப்பொழுதும் ஒன்றுபடுவதில்லை. ஓசைக்காகச் சொல்லைப் பிளக்க நேர்வதை நம் யாப்பியலார் வகையுளி என்றனர். சமபங்கிலே வெட்டுபவன் அடிக்கு அடி வகையுளி செய்கிறான். அதனால் தேர்ந்தவர்கள் ஒவ்வோர் அடியும் எழும் முகத்தைச் செவியால் தேடி, அங்கேயே கத்தியை வைக்கின்றனர். துண்டுகளின் நீளம் ஒன்றுக்கொன்று மாறுபடும். அம்மாறுபாட்டிலேதான் கோல்மனின் கை இருக்கின்றது.

பிற்காலப் பொறிகள் இவ்வேலையைத் தாமே செய்கின்றன. ஒலி திடீரென உயரும் இடங்களைக் கண்டறிந்து வெட்டுப்புள்ளிகளை இடுகின்றன. ஆயின் உணர்திறனைக் கூட்டினால் மெல்லடியின் முணுமுணுப்பையும் அடியென எண்ணி வெட்டும். குறைத்தால் உண்மையான மெல்லடியை ஸ்னேரின் வாலென எண்ணி விட்டுவிடும். ஈற்றிலே மனிதச் செவி வந்து திருத்தவேண்டியே இருக்கின்றது.

வெட்டினால் வால் அறுபடும் என்பது இன்னொரு தொல்லை. 'ஆமென், பிரதர்' தாளத்திலே 'ரைட்' என்னும் பெரிய சிம்பல் இடைவிடாது ஒலித்துக்கொண்டிருக்கின்றது. கிக்கின் துண்டிலும் ஸ்னேரின் துண்டிலும் அதன் ரீங்காரம் கலந்திருக்கும். துண்டுகளின் வரிசையை மாற்றியவுடன் ரீங்காரம் நடுவிலே முறிந்து, வேறோர் உயரத்திலே தொடங்குகின்றது. இதனை மறைக்க முயல்வோர் உளர். லண்டனில் ஜங்கிள் இசையை ஆக்கியோர் மறைக்கவில்லை. முறிவுகளையே நிமிடத்துக்கு 160 அட்சரத்துக்கு மேற்பட்ட வேகத்திலே அடுக்கி, முறிவே ஒரு நடையாகும்படி செய்தனர். அங்கே அறுவைக்குப் பெரும்பாலும் பயன்பட்டவை ஒலிமாதிரிப் பொறியும் கணினியும். ஆயினும் கத்தி பிடிக்கும் முறை ஒன்றே.

வேகத்தைக் குறைத்தால் வேறு சிக்கல். நிமிடத்துக்கு 137இல் வாசித்த தாளத்தின் துண்டுகளைச் சுருதி மாற்றாமல் 95இல் அடுக்கினால், ஒவ்வொரு துண்டும் தன் ஒலி முடிந்தபின் அடுத்த துண்டு வருமட்டும் வாய்மூடி நிற்கும். இந்த வெறுமையைச் சுருதியை இறக்கித் துண்டை நீட்டி நிரப்பலாம்; துண்டின் ஈற்றை மெல்ல மங்கச் செய்து வெறுமையையே மூச்சாக்கலாம். வேகத்தைக் கூட்டினால் இதற்கு மாறாகத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அப்பொழுது, புதிய துண்டு ஒலித்ததும் பழையது வாயடைக்கும்படி பொறியிலே கட்டளை அமைப்பர். ஒரே மனிதன் ஒரே முரசிலே வாசிப்பது போன்ற தோற்றம் அதனாலேதான் உண்டாகின்றது.

விரலால் தட்டி வாசித்ததைப் பொறி ஒழுங்கு செய்து தரும் வசதியும் உண்டு. எம்.பி.சி.60 ஓர் அட்சரத்தை 96 பங்காகப் பிரிக்கும்; நிமிடத்துக்கு 90 வேகத்திலே ஒரு பங்கு ஏழு மில்லிசெக்கன். தட்டிய அடிகளை அருகிலுள்ள முறையான இடத்துக்கு இழுத்துப் பொருத்தவும் அதற்குத் தெரியும். அப்படிப் பொருத்தினால் தாளம் இராணுவ அணிநடையாகிவிடும் என்பதை ரொஜர் லின் அறிந்திருந்தார். ஆதலின் 'ஸ்விங்' என்னும் அளவை ஏற்படுத்தினார். அடுத்தடுத்த இரு சிற்றடிகளுக்குரிய காலத்தை 50க்கு 50 எனப் பிரித்தால் நேர்நடை. முதலடிக்கு 66 வீதம் கொடுத்தால் மும்மைநடை. இடைப்பட்ட எண்களிலே, 54இலும் 58இலும், ஆடுவோரின் இடுப்பை அசைக்கும் நுட்பம் இருக்கின்றது. இவ்வளவும் இருந்தும், டெட்ரோயிட் நகரத்து ஜே டில்லா என்பவர் ஒழுங்கு செய்யும் வசதியைப் பல வேளைகளில் நிறுத்திவிட்டுத் தம் விரல் விழுந்த இடத்திலேயே அடியை விட்டுவைத்தார். குடித்தவன் நடை போல் தோன்றி விழாமல் நிற்கும் அவருடைய தாளங்களை இன்று முரசாளர்கள் கையால் வாசித்துப் பழகுகின்றனர். மனிதனிடமிருந்து பொறி கற்றதை, பொறியிடமிருந்து மனிதன் திரும்பக் கற்கும் நிலை!

தொழிலைப் பற்றி இவ்வளவு சொன்னபின் கடனைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வின்ஸ்டன்ஸ் குழுவின் தலைவரும் 'ஆமென், பிரதர்' பதிவின் உரிமையாளருமான ரிச்சர்ட் ஸ்பென்சர், தம் தட்டின் ஏழு செக்கன் உலகெங்கும் ஒலிப்பதை 1996 வரை அறியவில்லை. அறிந்தபொழுது வழக்குத் தொடரும் காலவரையறை கடந்திருந்தது. கிரெகரி கோல்மன் 2006இல் வீடற்றவராக இறந்தார். தாம் வாசித்த தாளம் எத்தகைய புகழடைந்தது என்பது அவருக்குத் தெரிந்திராது என்றே ஸ்பென்சர் கருதினார். ஜேம்ஸ் பிரவுணின் 'ஃபங்கி டிரமர்' பதிவிலே வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் கதையும் பெரிதும் வேறுபட்டதன்று. அந்த முரசு நடை எண்ணற்ற ஹிப்-ஹொப் பதிவுகளிலே வாழ்கின்றது. ஆக்கியோன் என்ற நிலையில் அவர் பெயர் அங்கே இல்லை. 2017இல் அவர் மறைந்தார்.

1991இல் நியூயோர்க்கிலே ஒரு வழக்கு எழுந்தது. பிஸ் மார்க்கி என்னும் பாடகர் கில்பர்ட் ஓ'சலிவனின் பாட்டொன்றின் பகுதியை அனுமதியின்றிக் கையாண்டார் என்பது முறைப்பாடு. களவு செய்யாதே என்னும் விவிலியக் கட்டளையோடு நீதிபதி தம் தீர்ப்பைத் தொடங்கினார். அதன் பின் இசைக் கொம்பனிகள் முன் அனுமதி பெறாத துண்டுகளை வெளியிட அஞ்சின. ஆனால் அனுமதிக்கான பணம் செல்வது பதிவின் உரிமையாளருக்கும் பாட்டின் ஆசிரியருக்குமே. முரசு நடையைப் பாட்டின் ஆக்கமாகக் கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை. ஆகவே சட்டம் கடுமையானபோதும், கோலைப் பிடித்த கைக்கு அதனால் வந்த பயன் சிறிதே.

அறுத்தவர்களைக் கள்வர் என்று ஒரு சொல்லிலே ஒதுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கோல்மனின் மெல்லடி ஒவ்வொன்றையும் அவரோடு மேடையேறியவர்கள்கூட இவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருப்பார்களா என்பது ஐயமே. ஆயினும், கேட்டதற்கான அன்பு கொடுக்கவேண்டிய கூலிக்கு ஈடாகாது. நான்கு ஆவர்த்தத்தின் ஒவ்வொரு மில்லிசெக்கனையும் எண்ணத் தெரிந்தவர்களுக்கு, அதனை வாசித்தவரின் பெயரைத் தட்டின் உறையிலே அச்சிடுவது அரிய வேலையாக இருந்திராது. நுட்பத்திலே காட்டிய சிரத்தையின் ஒரு சிறு பங்கை அங்கே காட்டியிருக்கலாம்.

2015இல் பிரித்தானியாவிலே இசைத்தட்டுச் சுழற்றும் சிலர் பொதுமக்களிடம் நிதி திரட்டி, ஏறக்குறைய 24,000 பவுணை ஸ்பென்சரிடம் சேர்ப்பித்தனர். கோல்மன் இறந்து அப்போது ஒன்பது ஆண்டுகள். ஸ்பென்சர் 2020இல் காலமானார். கோல்மன் இறந்த அதே 2006இல், பெப்ரவரி மாதத்திலே, ஜே டில்லாவும் 32 வயதில் நோயால் இறந்தார். அவர் தட்டி வாசித்த எம்.பி.சி.3000 தாளப்பொறி, இறப்பர் விசைகளோடு, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆபிரிக்க அமெரிக்க வரலாற்று நூதனசாலையிலே பேணப்படுகின்றது. அந்த நூதனசாலை இருப்பது வாஷிங்டனில். வின்ஸ்டன்ஸ் குழுவின் ஊரில்.